மங்கி கேப் மட்டும் போதாது: ஸ்னோமொபைல் ஓட்டப் போகிற வடசென்னைக்காரர்களுக்கு

மார்கழி விடியலில் தண்டையார்பேட்டையில் பால் பாக்கெட் வாங்க வருகிறவர் தலையில் இருக்கிற அதே மங்கி கேப்பைத்தான் பலரும் பெட்டியில் வைத்துக்கொண்டு காஷ்மீரின் குல்மார்க்குக்கும் ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள லாப்லாந்துக்கும் கிளம்புகிறார்கள். பனியில் நடக்கும்போது அது உதவும். பனி மேல் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலில் ஏறினால் உதவாது. கம்பளி நூல் பின்னலில் ஓட்டை ஓட்டையாக இருக்கும், ஓடுகிற வண்டியின் காற்று அதற்குள் நேராகப் புகுந்துவிடும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். விண்ட் சில் என்பது காற்று வீசும்போது தோல் உணரும் குளிர். கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் ஒரே வாய்பாட்டை வைத்து அதைக் கணக்கிடுகின்றன. வெளியே மைனஸ் 10 டிகிரி இருந்து, மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடித்தால் அது மைனஸ் 22 போலச் சுடும். மைனஸ் 20 என்றால் மைனஸ் 35. மைனஸ் 30 என்றால் மைனஸ் 49. மைனஸ் 35 அளவில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம், மைனஸ் 48-ஐத் தாண்டினால் 2 முதல் 5 நிமிடமே போதும். ஸ்னோமொபைலில் காற்று வீச வேண்டிய அவசியமே இல்லை, வண்டியின் வேகமே காற்று. எதிர்க்காற்றும் சேர்ந்தால் இரண்டின் வேகத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்டதும் எல்லோரும் தடிமனாக எதையாவது சுற்றிக்கொள்ளப் பார்ப்பார்கள். முகம் உறைவதற்குப் பெரும்பாலும் காரணம் துணி மெல்லியதாக இருப்பது அல்ல, ஈரமும் இடுக்கும்தான். காசிமேட்டில் ஐஸ் அள்ளுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், காய்ந்த கையில் ஐஸ் பிடிப்பது வேறு, ஈரக் கையில் பிடிப்பது வேறு. வாயையும் மூக்கையும் துணியால் இறுக்கிக் கட்டினால் நாம் விடும் மூச்சின் ஆவி அதே துணியில் படியும். கொஞ்ச நேரத்தில் துணி நனையும், பிறகு பலகை மாதிரி விறைத்து, தாடையோடு ஐஸாக ஒட்டிக்கொள்ளும். மீசை தாடி இருந்தால் முடியோடு சேர்ந்து உறைந்துவிடும். அப்போது பிடித்து இழுக்கக் கூடாது, உள்ளங்கையை மேலே வைத்து இளக்கித்தான் எடுக்க வேண்டும்.

அதனால் முகத்துக்கு இரண்டு அடுக்கு. தோலை ஒட்டி மெல்லிய பாலக்லாவா, அதாவது கண் மட்டும் தெரிய, தலையையும் முகத்தையும் மூடும் உறை. மெரினோ ஆட்டுக் கம்பளியோ பாலியஸ்டரோ இருக்கலாம், பருத்தி மட்டும் கூடாது. எம்.சி. ரோட்டில் மலிவாகக் கிடைக்கும் பனியன் துணி முகமூடி பைக்கில் தூசிக்கு நல்லது. பனியில் அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு காயவே காயாது. மெரினோ தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்ட பிறகும் கைக்கு ஈரமாகத் தெரியாது, சூட்டையும் விடாது. விலை அதிகம்தான், ஆனால் இந்தப் பட்டியலில் காசு செலவழிக்க வேண்டிய பொருள் இது ஒன்று.

இரண்டாவது அடுக்கு கழுத்துக்கு. ஹெல்மெட்டின் அடிவிளிம்புக்கும் ஜாக்கெட் காலருக்கும் நடுவே, தலையைத் திருப்பும்போதெல்லாம் இரண்டு விரல் அகலத்துக்கு இடுக்கு திறக்கும். உட்கார்ந்தபடி கண்ணாடி முன்னால் நேராகப் பார்த்தால் அது தெரியவே தெரியாது. கழுத்தில் ரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகிலேயே ஓடுவதால் அந்த இடுக்கு உடம்பு முழுவதையும் குளிரடிக்க வைக்கும். மஃப்ளர் இதற்குச் சரிவராது. சுற்றிய சுற்று நழுவும், தொங்கும் முனை ஓடுகிற பாகத்தில் சிக்கும். வேண்டியது முன்னும் பின்னும் மடல் வைத்த கழுத்துக் குழாய். இதைக் கடையில் தேடி அலைவதை விடத் தைத்துக்கொள்வது நல்லது. பழைய வண்ணாரப்பேட்டையில் எந்த டெய்லரும் தைத்துக் கொடுப்பார்.

துணி 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) ஃப்ளீஸ் என்ற பஞ்சு போன்ற செயற்கைத் துணி, அரை மீட்டர் தாராளம். குழாய்க்கு 54 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம் வெட்டச் சொல்லுங்கள். துணி இழுபடும் திசை தலையைச் சுற்றி வர வேண்டும். இதை மாற்றி வெட்டினால் தலை நுழையாது, டெய்லர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். தையலுக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை செ.மீ. போனால் 51 செ.மீ. சுற்றளவு வரும், 57 செ.மீ. தலைக்கும் இழுத்து மாட்டலாம். தையல் பின்கழுத்தில் வரட்டும், நேர்த்தையல் போடாமல் ஜிக்ஜாக் போட வேண்டும், இல்லாவிட்டால் இழுக்கும்போது நூல் அறுந்துவிடும். கீழ்விளிம்பில் முன்னால் 30 செ.மீ. அகலம் 22 செ.மீ. நீளம், பின்னால் 25-க்கு 15 என்று இரண்டு மடல் வைத்துத் தைக்க வேண்டும். அவை ஜாக்கெட்டுக்குள், சட்டைக்கு மேலே படுத்திருக்கும். தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் குழாய் மேலே ஏறி வராது. ஆளுக்கு மூன்று தைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கழுத்தில், இரண்டு ஜாக்கெட்டின் உள்பையில். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை, நனைந்ததோ இல்லையோ, மாற்றிவிட வேண்டும்.

இடுக்கு எங்கே இருக்கிறது என்பதை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே கண்டுபிடிக்கலாம். ஞாயிறு விடியலில், லாரி ஓடாத தெருவில், பைக்கின் பின்சீட்டில் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு உட்காருங்கள். மாட்டுவதற்கு முன் கழுத்தையும் தாடையையும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். வண்டி 40-ஐத் தொட்டதும், தலையை இடமும் வலமும் திருப்பினால், காற்று நுழையும் இடம் மட்டும் சில்லென்று காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் காதுக்குக் கீழேதான் இருக்கும்.

ஹெல்மெட் விஷயம். லாப்லாந்து போன்ற இடங்களில் சஃபாரி நடத்துகிறவர்களே பனி ஹெல்மெட் தருவார்கள். நம் ஊர் மலைகளில் ஹெல்மெட் தருவார்கள் என்று நம்பிப் போகக் கூடாது, கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். சொந்த ஃபுல் ஃபேஸ் பைக் ஹெல்மெட்டைக் கொண்டுபோனால், நெற்றியிலும் தாடையிலும் உள்ள காற்று ஓட்டைகளை வெளிப்பக்கம் டேப் ஒட்டி அடைக்க வேண்டும். அதன் கண்ணாடி ஒற்றை அடுக்கு என்பதால் மூச்சு பட்டதும் மூடுபனி போடும். பனி ஹெல்மெட்டில் கண்ணாடி இரட்டை அடுக்காக, நடுவில் காற்று அடைத்து இருக்கும். உள்ளே மூச்சுத் தடுப்பான் என்று ரப்பர் மூடி ஒன்று மூக்கின் மேல் பாலத்தில் படிந்து, மூச்சைக் கீழே தாடைப் பக்கம் தள்ளிவிடும். அது மூக்கில் ஒட்டி உட்காரவில்லை என்றால் மற்ற எல்லாமே வீண். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் முதலில் சோதிக்க வேண்டியதும் அதைத்தான். மின்சாரத்தில் சூடேறும் ஹெல்மெட் கண்ணாடி என்றால் வயரை வண்டியின் சாக்கெட்டில் செருகி, மூடுபனி போடும் முன்பே ஸ்விட்சைப் போட வேண்டும். கண்ணாடியில் ஐஸ் கட்டிய பிறகு போட்டால் நேரம் பிடிக்கும்.

காகிள்ஸ் போடுகிறவர்கள் நிற்கும்போது அதை நெற்றிக்கு ஏற்றி வைக்கிறார்கள். தலை வியர்வை உள்ளே ஆவியாகி, திரும்பக் கீழே இறக்கியதும் உறைந்துவிடும். முகத்திலேயே இருக்கட்டும்.

மூக்குத்தியைப் பற்றி யாரும் சொல்வதில்லை. உலோகம் சூட்டை வேகமாகக் கடத்தும், மூக்கின் ஓரம் ஏற்கனவே ரத்த ஓட்டம் குறைந்த இடம். முந்தைய இரவே கழற்றிவிடுவது நல்லது. கழற்ற முடியாதவர்கள் மெடிக்கல் ஷாப் பேப்பர் டேப்பை அதன் மேல் இரண்டு மடிப்பாக ஒட்டிக்கொள்ளலாம். காதுத் தோடுக்கும் இதே பேச்சுதான். பிசியோதெரபியில் ஒட்டும் துணி டேப்பை கன்ன எலும்பின் மேலும் மூக்குத் தண்டிலும் ஒட்டிக்கொள்வது பனிச்சறுக்கு வீரர்களின் வழக்கம், அதுவும் நல்ல காப்பு. அறைக்குள்ளேயே, காய்ந்த முகத்தில் ஒட்ட வேண்டும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம், வாஸ்லினும் வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் அன்போடு பாட்டில் கொடுத்து அனுப்புவார்கள், முகத்தில் தடவினால் குளிர் ஏறாது என்று. பின்லாந்து ராணுவத்தில் சேர்ந்த இளைஞர்களை வைத்து 1995-ல் வெளியான ஆய்வு நேர்மாறாகக் காட்டியது: காப்புக் களிம்பு தடவியவர்களுக்கு முகமும் காதும் உறையும் அபாயம் கூடுதலாக இருந்தது. காதுமடல் உள்ள தொப்பியோ கழுத்துக்குட்டையோ போடாதவர்களுக்கும் அப்படியே. களிம்பு பாதுகாப்பு இருப்பது போல ஒரு நினைப்பைத் தருகிறது, அதை நம்பி மூடாமல் விட்டுவிடுகிறார்கள்.

கால் மணிக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். மூக்கு நுனி, கன்ன எலும்பு, காதுமடல். உறையத் தொடங்கிய தோல் வெள்ளையாகும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். நம் நிறத்தில் அது அப்படித் தெரியாது, சாம்பல் பூத்த மாதிரி, மெழுகு தடவிய மாதிரி ஒரு ரூபாய் காசு அளவில் மங்கித் தெரியும். வலி இருந்த இடம் திடீரென்று மரத்துப்போனால் நிம்மதி அடைய வேண்டாம், அதுதான் அடையாளம். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, காய்ந்த உள்ளங்கையை அதன் மேல் அழுத்தி வையுங்கள். தேய்க்கக் கூடாது. பனியை வைத்துத் தேய்க்கவே கூடாது. எஞ்சின் புகைக்குழாய் சூட்டிலும் காட்டக் கூடாது, மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. தோல் கட்டை மாதிரி இருந்தாலோ, அரை மணியில் உணர்வு திரும்பாவிட்டாலோ, சவாரியை அங்கேயே முடித்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். வழியில் திரும்ப உறையும் வாய்ப்பு இருந்தால் இளக்கவே வேண்டாம், உறைந்து இளகி மறுபடி உறைந்த தோலுக்குத்தான் சேதம் அதிகம்.

இரவு அறைக்கு வந்ததும் மூன்று குழாயையும் பாலக்லாவாவையும் உதறி, உள்பக்கம் வெளியே திருப்பி, அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பிலிருந்து ஒரு கை தள்ளிக் கொடி கட்டிப் போடுங்கள். அடுப்பு மேலேயே போட்டால் ஃப்ளீஸ் உருகிவிடும். ஹெல்மெட்டின் உள்மெத்தையையும் கழற்றி வையுங்கள். காலையில் கன்னத்தில் வைத்துப் பார்த்து, கொஞ்சம் குளிர்ச்சி தட்டினாலும் அது இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.