தீபாவளிச் சண்டை: டூபாக்கா, நாஸா?

கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் எங்கள் பயல்கள் தீபாவளிக்குத் தேயிலைத் தோட்டம் வந்து சேர்ந்தால் முதல் நாள் இறைச்சியும் தண்ணியும், இரண்டாம் நாள் சண்டை. இந்த முறை சண்டை, உலகத்திலேயே சிறந்த ராப் ஆல்பம் எது என்பதற்கு. முக்கியமாக டூபாக், நாஸ் என்ற இரண்டு அமெரிக்க ராப் பாடகர்களுக்குள். லயத்து இஸ்தோப்பில், அதாவது எங்கள் வரிசை வீட்டுத் திண்ணையில், குளிர்க் குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஆறு பேர். "டூபாக்கா, நாஸா?" என்று ஒருத்தன் கத்த, உள்ளே இருந்து அம்மா, "யாரு, ராக்கெட் விடுறவங்களா?" என்று கேட்டார்.

மச்சான் டூபாக் கட்சி. 'ஆல் ஐஸ் ஆன் மீ', 1996, இரண்டு தட்டு, 27 பாட்டு, இதுக்கு மேல என்னடா வேணும் என்பதுதான் அவன் வாதம். கறிக்கடைக்காரர் எலும்பையும் சேர்த்து நிறுப்பது மாதிரி இருக்கிறது என்றேன், முறைத்தான். சித்தப்பா மகனுக்கு கென்ட்ரிக் லமார். 'டேம்' ஆல்பத்துக்கு 2018இல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்ததையே திரும்பத் திரும்பச் சொன்னான். கிளாசிக்கலுக்கும் ஜாஸுக்கும் மட்டுமே கொடுத்துவந்த பரிசு, பெரிய விஷயம்தான், ஆனால் பரிசைக் காட்டி எனக்குப் பாட்டு விற்காதே தம்பி.

அப்புறம் மச்சான் ஒரு காரியம் செய்தான். 'சேஞ்சஸ்' பாட்டை போனில் போட்டு, "இந்த ஆல்பத்துல இதுதான்டா உச்சம்" என்றான். அது அந்த ஆல்பத்திலேயே இல்லை! டூபாக் 1996 செப்டெம்பரில் சுடப்பட்டு இறந்து, இரண்டு வருசம் கழித்து 1998இல் வந்த தொகுப்பில் வெளியான பாட்டு. நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராவில் விளக்கு எரிந்தது.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது, எங்கள் எல்லோருடைய கதையும் அதுதானே. டவுனில் ஒரு போன் கடை, காசு கொடுத்தால் மெமரி சிப்பில் பாட்டு ஏற்றித் தருவார்கள், டூபாக்குக்கு அடுத்து ஒரு சிங்களப் பைலா, அதற்கடுத்து எமினெம், அதற்கடுத்து முருகன் பாட்டு. எந்தப் பாட்டு எந்த ஆல்பம், எத்தனையாவது என்று யாருக்குத் தெரியும்? ஒரு ஆல்பத்தைக்கூட முழுசாகக் கேட்காமல் பத்து வருசமாக ஆல்பத்துக்குச் சண்டை போட்டிருக்கிறோம்.

விதிவிலக்கு என்றால், நான் முதலில் முழுசாகக் கேட்ட நாஸின் 'இல்மாட்டிக்'தான். நேர்மையாகச் சொன்னால் காரணம் ரசனை இல்லை, டேட்டா. பத்தே தடங்கள், நாற்பது நிமிடம்கூட வராது. ஹட்டனில் பஸ் ஏறினால் கினிகத்தேனை வருவதற்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். 1994இல் அது வந்தபோது நாஸுக்கு வயது இருபது. தான் வளர்ந்த நியூயோர்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் அரசாங்கக் குடியிருப்பை விட்டு அவன் வெளியிலேயே வருவதில்லை, படிக்கட்டு, மூலை, யார் பிடிபட்டான், யார் செத்தான், அவ்வளவுதான். மூன்றாவது பாட்டின் கடைசியில் அவன் அப்பாவே கோர்னெட் ஊதுகிறார், ஜாஸ் கலைஞர் ஓலு டாரா. ஏழாவது, 'ஒன் லவ்', சிறையில் இருக்கும் கூட்டாளிகளுக்கு எழுதும் கடுதாசி. நீ போனபிறகு இங்கே இன்னின்னது நடந்தது என்று சொல்லிக்கொண்டே போவான். எனக்கு அந்த இடத்தில் தாத்தாவின் தகரப் பெட்டிதான் ஞாபகம் வரும். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னார்க் கப்பலில் போன அவர் தம்பி தமிழ்நாட்டின் கூடலூரில் இருந்து எழுதிய கடுதாசிகள் அதில் இருக்கின்றன, அவையும் இதே மாதிரிதான், யார் செத்தது, யாருக்குக் குழந்தை, மாடு விற்றாச்சா.

இதைச் சொன்னதும் ஒருத்தன், அப்படியென்றால் தமிழ் ராப் பாடகர் அறிவுதான் முதல் என்றான். 'என்ஜாய் எஞ்சாமி'யில் வரும் வள்ளியம்மாள் பாட்டியின் குடும்பம் நம்ம தேயிலை மலையில் உழைத்துவிட்டுத் திரும்பிய குடும்பம்தானே. அது ஒரு பாட்டு, ஆல்பம் இல்லை, ஆல்பம் வேண்டுமென்றால் 2019இல் வந்த 'தெருக்குரல்' சொல்லு என்று சட்டம் பேசினேன். பேசும்போதே கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஏனென்றால் நாங்கள் சொன்ன பெயர்களில் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே பாட்டு அதுதான்.

கடைசியில் இல்மாட்டிக்கை முதலில் இருந்து போட்டோம். யாரும் பேசக்கூடாது என்று கட்டளை. மச்சான் முழுசாகக் கேட்டான், தேத்தண்ணி ஆறிப்போனது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ டூபாக்க இப்படிக் கேட்டியா?" என்றான். கேட்டதில்லை. அடுத்த தீபாவளிக்குள் 27 பாட்டையும் வரிசையாகக் கேட்பதாக வாக்குக் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது, இப்போது இரண்டாவது தட்டுக்கு வந்திருக்கிறேன். முதல் தட்டில் நாலு பாட்டு நன்றாகவே பிடித்துவிட்டது, அவனிடம் இன்னும் சொல்லவில்லை.