ஹூவர் என்ற சுரங்கப் பொறியாளர்

பொறியாளராக இருந்து நாட்டின் தலைவரானவர் என்றால் நமக்குக் கலாம்தான் நினைவுக்கு வருவார். எனக்கு இரண்டு நாட்களாக அமெரிக்காவின் ஹெர்பர்ட் ஹூவர் நினைப்பாகவே இருக்கிறது.

பத்து வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தவர். 1895இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிலவியல் (ஜியாலஜி) பட்டம் வாங்கிய கையோடு, கலிஃபோர்னியத் தங்கச் சுரங்கத்தில் தாதுவண்டி தள்ளினார். பிறகு மேற்கு ஆஸ்திரேலியா, அடுத்து சீனா. 1900இல் வெளிநாட்டவரை எதிர்த்து அங்கே வெடித்த பாக்ஸர் கலகத்தின்போது தியான்ஜின் நகர முற்றுகைக்குள் மனைவி லூவுடன் சிக்கிக்கொண்டார். லூவும் நிலவியல் படித்தவர். சுரங்கத் தொழில் பற்றிய 16ஆம் நூற்றாண்டு லத்தீன் நூலொன்றை இருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1912இல் வெளியிட்டார்கள். வெள்ளை மாளிகையில் பிறர் காதில் விழக்கூடாத பேச்சென்றால் சீன மொழிக்குத் தாவுவார்களாம்! இந்தத் தம்பதியை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

முதல் உலகப் போரில் பட்டினியில் வாடிய பெல்ஜியத்துக்கு உணவு திரட்டி அனுப்பிய மனிதர் இவர். 1929 மார்ச்சில் அதிபராகப் பதவியேற்றார். அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. வேலையும் வீடும் இழந்தவர்கள் போட்ட குடிசைப் பகுதிகளுக்கு ‘ஹூவர்வில்’ (ஹூவர் ஊர்) என்று பெயர் வைத்தார்கள். உலகுக்குச் சோறு போட்டவருக்கு இப்படியொரு பட்டம்! நிவாரணத்தில் அவர் காட்டிய தயக்கத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனாலும் 1932 அதிபர் தேர்தலில் 472க்கு 59 என்ற தேர்வாளர் வாக்குகளில் (மாநிலவாரியாகக் கிடைக்கும் வாக்குகள்) தோற்ற கணக்கைப் பார்த்தபோது அந்தத் தாதுவண்டிதான் கண்ணில் நின்றது.