வோல்டேஜை ஆட்டோவில் விட்டுவிடாதீர்கள்

கம்ப்யூட்டர் பிராசசரை ஓவர்கிளாக் பண்ணுகிற, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிற தம்பிகள் "அண்ணா, எத்தனை கிகாஹெர்ட்ஸ் வரும்?" என்றுதான் கேட்கிறார்கள், முதலில் கேட்க வேண்டியது எத்தனை வோல்ட் என்று. வேகம் ஏறினால் பவர் ஏறக்குறைய அதே விகிதத்தில் ஏறும். வோல்டேஜ் ஏறினால் அப்படி இல்லை, அதன் வர்க்கத்துக்கு ஏற்ப பவர் ஏறும். 1.25-லிருந்து 1.35 வோல்ட்டுக்குப் போனால் கூடுவது 8 சதவீதம், அதே வேகத்திலேயே சிப் இழுக்கும் பவரோ 16 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். சித்திரை வெயிலில் தர்மபுரியில் ஏசி இல்லாத மாடி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது சின்ன விஷயமே இல்லை, பிராசசர் கூலருக்குள் போகிற காற்றே அனல்தான்.

வோல்டேஜ் செட்டிங்கை ஆட்டோவில், அதாவது தானாகவே முடிவு செய்யட்டும் என்று விட்டால் பல மதர்போர்டுகள் கிராஷ் ஆகாமல் இருக்கட்டும் என்று தேவைக்கு மேலேயே கொடுக்கும். மேனுவலில் வைத்து, வேகத்தை மாற்றாமல், 0.025 வோல்ட் படியாக இறக்கிக்கொண்டே சினிபெஞ்ச் என்ற டெஸ்ட் புரோகிராமை ஓட்டுங்கள். தடுமாறுகிற இடத்திலிருந்து ஒன்றிரண்டு படி மேலே ஏற்றி நிறுத்துங்கள்.

அப்புறம், பயோஸில் (மதர்போர்டின் செட்டிங் மெனுவில்) வைத்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். 1.30 என்று வைத்தது லோடில், அதாவது பிராசசர் முழு வேலையில் இருக்கும்போது, 1.25-க்கு இறங்கலாம், அது இயல்புதான். அந்த இறக்கமே கூடாது என்று அதை ஈடுகட்டுகிற லோட்லைன் கேலிபிரேஷன் என்ற செட்டிங்கை உச்சத்தில் வைத்தால், லோடு விடுகிற நொடியில் வோல்டேஜ் எகிறும், சிப்புக்கு அதுதான் கெடுதல். நடுவில் வையுங்கள், போதும்.

நண்பரிடம் அதே மாடல் பிராசசர் இருந்தாலும் அவர் எண்ணைக் காப்பி அடிக்காதீர்கள், ஒவ்வொரு சிப்பும் வேறு. டெஸ்டையும் ராத்திரி குளிரில் ஓட்டிவிட்டு சரி என்று விடாமல், மத்தியானம் 2 மணிக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.