மூன்றரை வருஷத்துக்கு எது தாங்கும்?

சிங்கப்பூரில் சிஓஇயை, அதாவது கார் வைத்துக்கொள்ள வாங்கும் உரிமைச் சான்றிதழை, ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். அந்த ஐந்து முடிந்ததும் மறுபடி நீட்டிக்க முடியாது, வண்டியைக் கழித்துத்தான் ஆக வேண்டும். என் 1.6 லிட்டர் ஜப்பான் கார் எண்ணெய் குடிக்க ஆரம்பித்தபோது மூன்றரை வருஷம் மிச்சமிருந்தது. 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் காலி. காலையில் கார் பார்க்கில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. பத்து வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் பரிசோதனை உண்டு. இந்தப் புகையோடு அங்கே போய் நிற்க முடியாது.

பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டலாம் என்றார்கள். ஆனால் இன்ஜின் எண் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவில் இருக்கிறது. மாற்றினால் அதற்குத் தனி அலைச்சல். வருகிற இன்ஜினும் எந்த நிலையில் இருக்குமோ! இருப்பதையே பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறை. வேலை பார்த்தவர் மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லையிலுள்ள காஸ்வே சாலையைத் தாண்டி வரும் அண்ணன். கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று அழுந்தும் அளவு, குறைவாக இருந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தார். முள் ஏறியது. "பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங் போயிடுச்சு தம்பி. காலையில மட்டும் கூடுதலா புகையுதுல்ல, அது வால்வ் சீல், எண்ணெய் கீழ இறங்காம தடுக்கிற ரப்பர்."

நான் முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன்: சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்கள், புது வால்வுகள். அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அளந்துட்டு வாங்கலாம்."

அடுத்த சனிக்கிழமை முழுக்க அளப்பதிலேயே போனது. ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக. தேய்மானம் எப்போதும் மேல் பக்கம்தான் அதிகம். வெடிப்பின் சூடும் அழுத்தமும் அங்கேதான், எண்ணெய் எட்டுவதும் அங்கே குறைவு. எங்களுக்கு வந்த மோசமான அளவே 0.02 மி.மீ. கூடுதல். கடைசல் வேண்டாம், உள்சுவரை லேசாக உரசிச் சீராக்கும் ஹோனிங் போதும். அதோடு பெரிய பிஸ்டன்களும் பட்டியலிலிருந்து போயின.

பிஸ்டனில் எண்ணெய் வளையம் (அதுவும் ஒரு ரிங்தான்) உட்காரும் பள்ளத்துக்குள் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. வளையம் வழித்தெடுக்கும் எண்ணெய் அந்த வழியாகத்தான் திரும்ப இறங்க வேண்டும். அத்தனையும் கரி பிடித்து அடைத்திருந்தன, ஊசிகூட நுழையவில்லை. இதைச் சுத்தம் செய்யாமல் வெறும் ரிங் மாற்றியிருந்தால் சில மாதங்களில் மறுபடி அதே கதைதான். பழைய ரிங்கை சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து மெல்லத் தள்ளி மட்டம் பார்த்து, முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை, நுழைத்தோம். 0.9 மி.மீ. புதியதில் 0.3. அதற்கு மேல் விவாதம் எதற்கு?

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டுதான் கிராங்க். அதைத் தாங்கும் பேரிங்குகளில் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் எட்டிப் பார்த்தது. கிராங்கில் அண்ணன் நகத்தால் கீறிப் பார்த்தார், எங்கும் தட்டவில்லை. மைக்ரோமீட்டரும் அதையே சொன்னது. எனவே கிராங்கைத் தொடாமல், ஸ்டாண்டர்ட் அளவிலேயே புது பேரிங். சேமியா போன்ற பிளாஸ்டிகேஜ் நூலை பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் வைத்து, போல்ட்டை முறுக்கிக் கழற்றி, அது நசுங்கிய அகலத்தைப் பார்த்து இடைவெளியை உறுதி செய்தோம். நடுவில் கிராங்கைச் சுற்றிவிடாதே என்று இரண்டு முறை எச்சரிக்கை வேறு.

இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைப் பிடிக்கும் போல்ட்டில்தான் நான் பிடிவாதம் பிடித்தேன். பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்தன, பிறகேன் மாற்ற வேண்டும்? அவர் பேசவில்லை. பழையதையும் புதியதையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். பழையது ஒரு நூல் உயரம். இழுபட்டுப் பிடிக்கும் வகை போல்ட் அது. ஒருமுறை இழுபட்டதை மறுபடி நம்ப முடியாது. சரி என்று காசை எடுத்தேன்.

வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தார். வால்வுக்குப் பின்னாலுள்ள துளையான போர்ட்டில் பெட்ரோல் ஊற்றினால் கசியவில்லை, ஆக அவை பிழைத்தன. பதினாறு வால்வ் சீலும் புதிது. ஆயில் பம்ப் அளவுக்குள் இருந்ததால் பழையதே. வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் செயினும் அதை இறுக்கி வைக்கும் டென்ஷனரும் இன்னும் மூன்றரை வருஷம் தாங்கியிருக்கலாம்தான். ஆனால் அறுந்தால் மற்ற எல்லாச் செலவும் வீண் என்று மாற்றினோம்.

இவ்வளவும் செய்துவிட்டு, இன்ஜினுக்குப் பின்னால் ஃபயர்வாலை, அதாவது இன்ஜினுக்கும் கார் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரை, ஒட்டி ஓடும் ஒரு சாண் நீள ரப்பர் தண்ணீர்க் குழாயைப் பார்த்து, "இது இருக்கட்டும் அண்ணே, நல்லாத்தானே இருக்கு" என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், அப்புறம் தோளைக் குலுக்கினார். இருபது வெள்ளிகூட வந்திருக்காது.

ஏழு மாதம் கழித்து, பிஐஇ விரைவுச்சாலையில், சூட்டு முள் ஏறியது. வண்டியை ஓரம் கட்டி பானட்டைத் திறந்தால் ஆவி. இன்ஜின் தப்பித்தது. ஆனால் அந்தக் குழாயை மாற்ற இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக்கையே கழற்ற வேண்டியிருந்தது. பாதி நாள் கூலி. பழைய குழாயை என் கையில் கொடுத்தார் அண்ணன். விரலால் அழுத்தினேன், உள்பக்கம் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"அளக்காம விட்டது இது ஒண்ணுதான் தம்பி" என்றார்.