முதலில் ஷிப்ட் அட்டவணையை எடுங்கள்

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் காலை ஏழு மணிக்கு முடிகிறது என்று வையுங்கள். அன்று பத்து மணிக்கு ஊழியர் நல தினம், ஜூம்பா வகுப்பு என்றால் யார் வருவார்கள்? அலுவலகப் பிரிவினர் வருவார்கள். இரவெல்லாம் நின்று வேலை பார்த்தவர் கம்பெனி பஸ்ஸில் தூங்கியபடி, பாலத்துக்கு அப்பால் உள்ள பட்டர்வொர்த் போய்க்கொண்டிருப்பார். ஊழியர் நலனுக்குப் பணம் ஒதுக்க நினைக்கும் முதலாளி முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது ஷிப்ட் அட்டவணை.

அதையும் வேலை நேரத்தை மட்டும் வைத்துப் படிக்கக் கூடாது. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து வீடு திரும்பும்வரை கணக்குப் போட வேண்டும். அதே அக்கரையில் உள்ள புக்கிட் மெர்தாஜாமில் காலை ஐந்தரைக்கு பஸ் ஏறி, ஏழு முதல் ஏழுவரை வேலை பார்த்து, பாலத்து நெரிசலில் ஊர்ந்து, இரவு எட்டரைக்கு இறங்குபவருக்கு 15 மணி நேரம் போய்விடுகிறது. மீதி ஒன்பது. குளியல், சாப்பாடு, பிள்ளையின் வீட்டுப்பாடம், மறுநாள் எழுந்து கிளம்புவது எல்லாம் போக ஆறு மணி நேரத் தூக்கமே பெரிய விஷயம்.

சட்டப்படியான வார வேலை நேரம் 2023 ஜனவரி முதல் 48-லிருந்து 45 ஆகக் குறைந்தது. ஓவர்டைமுக்கு மாதம் 104 மணி நேரம் உச்ச வரம்பு. 26 வேலை நாளுக்கு வகுத்தால் நாளுக்கு நான்கு மணி. அந்த வரம்பை மாத இலக்காக வைத்துக்கொள்ளும் இடங்களில் ஆட்கள் நிலைப்பதில்லை.

ஷிப்ட் மாறும் திசையையும் கவனியுங்கள். காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி மாற்றினால் உடம்பு ஓரளவு ஒத்துக்கொள்ளும். பெரும்பாலோருக்கு உடலின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. அதனால் தாமதமாகத் தூங்குவது எளிது, முன்கூட்டியே தூங்குவது கடினம். இரவிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து காலைக்கும் பின்னோக்கி இழுப்பது தூக்கத்தைக் குலைக்கும். தொடர்ந்து மூன்று, நான்கு இரவுகளுக்கு மேல் போடாமல், அதன்பின் முழுதாக இரண்டு இரவாவது ஓய்வு தர வேண்டும். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துவரை கண் சொக்கும் நேரம். திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் பரிசோதனை வேலையை அப்போது ஒருவரிடமே விடாமல் ஆள் மாற்றுங்கள். இரவு ஷிப்ட் முடித்தவரை மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலம் ஏற விடாமல் பஸ் ஏற்பாடு செய்யுங்கள். வேலைக்குப் போகும் வரும் வழியில் நேரும் விபத்துக்கு சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இழப்பீடு உண்டு. அது விபத்து நடந்த பிறகு வரும் பணம்.

அடுத்த அட்டவணை இரண்டு வாரம் முன்பே கையில் கிடைக்க வேண்டும். சனிக்கிழமை மாலை வாட்ஸ்அப்பில் திங்கட்கிழமை ஷிப்டை அனுப்பினால், பிள்ளையை யாரிடம் விடுவது என்று அலைவதிலேயே ஞாயிறு போய்விடும். தைப்பூசத்துக்கு இன்னும் முன்னதாகவே, ஒரு மாதம் முன்பே, யார் காவடி எடுக்கிறார்கள், யார் பால்குடம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பினாங்கில் அன்று பொது விடுமுறைதான். ஆனால் முந்தைய இரவு ஷிப்ட் முடித்து நேராகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடப்பவர்களும் இருப்பார்கள். ஒருவேளை மட்டும் உண்டு விரதம் இருப்பவரை அடுப்பு, பாய்லர் பக்கம் நிறுத்தினால் மயக்கம் வரலாம். அந்த நாட்களுக்கு இடம் மாற்றிக் கொடுங்கள், ஓய்வு நேரத்தை அவர் உண்ணும் வேளைக்கு நகர்த்துங்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் தோழர்களுக்கும் இதே ஏற்பாடு வேண்டும்.

பல இடங்களில் நல்ல எண்ணம் தடுக்கி விழுவது எம்.சி., அதாவது மருத்துவச் சான்றோடு எடுக்கும் விடுப்பு, விஷயத்தில். சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுவரை 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் தனி. இப்படிச் சட்டம் கொடுத்ததை, விடுப்பு எடுக்காமல் வருபவருக்குத் தரும் வருகைப்படி பிடுங்கிக்கொள்கிறது. 1,700 வெள்ளி (ரிங்கிட்) சம்பளக்காரருக்கு மாத வருகைப்படி 200 வெள்ளி என்று வையுங்கள். ஒரே ஒரு எம்.சி. எடுத்தால் முழு 200-ம் போகும் என்றால், அவர் காய்ச்சலோடுதான் வருவார். பக்கத்தில் நிற்கும் மூவருக்கும் தொற்றும். எம்.சி. எடுத்த நாட்களை, வராத நாட்களாக வருகைப்படிக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். முடியாவிட்டால் படியை நாள்வாரியாகப் பிரித்து, வராத நாளுக்கு உரியதை மட்டும் கழிக்கலாம். இதை மாற்றாமல் சுவரில் ஆரோக்கியப் போஸ்டர் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரக் கேட்டு ஊழியர் எழுத்தில் விண்ணப்பித்தால், முதலாளி சட்டப்படி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பாட்டி கீழே விழுந்து படுத்துவிட்டார் என்று வருகிற தாயிடம் இரண்டு மாதம் பொறு என்பது கொடுமை. ஒரு வாரத்தில் பதில் சொல்லி, மூன்று மாதச் சோதனையாக ஆரம்பிக்கலாம்.

ஒருவர் சில நாளாகப் பேச்சு குறைந்து, தவறு கூடித் தெரிகிறாரா? மேற்பார்வையாளர் லைனில் எல்லார் முன்னும் கேட்கக் கூடாது. தனி இடத்தில், அவருக்கு வசதியான மொழியில், “வேலையில எதையாவது மாத்தினா உதவியா இருக்குமா?” என்று கேட்டால் போதும். நோய்க்குப் பெயர் வைப்பது மேற்பார்வையாளர் வேலையல்ல. ஒரு வாரம் கழித்து மறுபடி விசாரிக்க வேண்டும், குழு வாட்ஸ்அப்பில் எதுவும் போடக் கூடாது. தற்கொலை முயற்சி இங்கே குற்றம் என்ற சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் உதவி தேடாமல் இருக்க வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் 15555, மனம் நொந்தவர்களின் பேச்சைக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 ஆகிய மனநல உதவி எண்களைக் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அறிவிப்புப் பலகை முன் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது.

2024 ஜூன் 1 முதல், ஐந்து பேர் வேலை செய்யும் இடத்திலும் பாதுகாப்பு, சுகாதார ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும். லிட்டில் இந்தியா சாப்பாட்டுக் கடைக்கும் இது பொருந்தும். பெயருக்கு ஒருவரைப் போட்டுவிட்டு, வாரத்தில் சில மணி நேரம்கூட அதற்கென்று ஒதுக்காவிட்டால் பயனில்லை. அவர் மாதாமாதம் பார்க்க வேண்டியது ஆள்வாரி ஓவர்டைம் கணக்கு. இருபது பேரில் ஐந்து பேர் 100 மணி நேரமும் மற்றவர்கள் 10 மணி நேரமும் செய்தால் சராசரி 32.5 என்று சாதுவாகத் தெரியும். அந்த ஐந்து பேரின் சுமையைப் பிரிக்கும் முன் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். வீட்டுக் கடனுக்கு அந்தப் பணத்தை நம்பியிருப்பவரும் அதில் இருக்கலாம்.