ஆபரேஷனுக்கு முன் மார்பக எம்ஆர்ஐ: இளம் பெண்களுக்கு எப்போது தேவை?

பயாப்சியில் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டில் யாராவது ஒருவர் கேட்பார்: "எதுக்கும் எம்ஆர்ஐயும் எடுத்துப் பாத்துடலாமே?" எடுப்பதில் தப்பில்லை. ஆனால் அதன் முடிவு ஆபரேஷன் திட்டத்தை எந்த வகையில் மாற்றும் என்று சர்ஜனிடம் முதலில் கேளுங்கள். எந்த வகையிலும் மாற்றாது என்றால் செலவும் அலைச்சலும்தான் மிச்சம்.

இளம் பெண்களுக்கு இந்தக் கேள்வி அதிகம் எழக் காரணம் இருக்கிறது. அவர்களின் மார்பகத்தில் சுரப்பித் திசு அடர்த்தியாக இருக்கும். மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. எம்ஆர்ஐ அப்படியல்ல, நரம்பில் ஊசியாகப் போடும் கான்ட்ராஸ்ட் மருந்து எங்கே வேகமாகப் போய்ச் சேர்கிறது என்பதைக் காட்டும். புற்றுக்கட்டியைச் சுற்றி முளைக்கும் புது ரத்தக் குழாய்கள் கசியும் தன்மை கொண்டவை என்பதால் ஊசி போட்ட முதல் இரண்டு நிமிடத்திலேயே கட்டி பளிச்சென்று தெரியும். அதே மார்பகத்தில் வேறு இடத்தில் நோய் இருப்பது சுமார் 16 சதவீதம் பேரிடமும், எதிர் மார்பகத்தில் இருப்பது சுமார் 3 சதவீதம் பேரிடமும் இப்படிக் கூடுதலாகத் தெரியவருகிறது.

கூடுதலாகத் தெரிவதால் நோயாளிக்குப் பலன் உண்டா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 1,623 பெண்களை வைத்து பிரிட்டனில் நடந்த காமிஸ் ஆய்வு 2010-ல் வெளியானது. எம்ஆர்ஐ எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் இரு தரப்பிலும் மறு ஆபரேஷன் சுமார் 19 சதவீதம். 56 வயதுக்குக் குறைந்த 440 பெண்களை மட்டும் சேர்த்த சுவீடன் ஆய்வில் அது 15-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இளம் வயதினருக்கு இந்த ஸ்கேன் கூடுதல் பயன் தரலாம் என்பதற்கு இது நல்ல ஆதாரம்தான். ஆனால் ஸ்கேன் எடுத்ததால் ஆயுள் கூடியது என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

என் கணக்கில் கட்டாயம் யோசிக்க வேண்டியவர்கள் இவர்கள்: மார்பகத்தைக் காப்பாற்றும் ஆபரேஷனுக்குத் திட்டமிட்டு, மேமோகிராம் காட்டும் அளவும் அல்ட்ராசவுண்ட் காட்டும் அளவும் 1 செ.மீ.க்கு மேல் வேறுபடுபவர்கள், லோபுலார் வகை (பால் சுரப்பிகளில் தொடங்கும்) புற்றுநோய் உள்ளவர்கள், பிஆர்சிஏ (மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பரம்பரை) மரபணு மாற்றம் உள்ளவர்கள், அக்குளில் நெறி கட்டியிருக்க, மார்பகத்தில் கட்டி எங்கே என்றே தெரியாதவர்கள், ஆபரேஷனுக்கு முன்பே கீமோ தொடங்கப் போகிறவர்கள்.

கடலூரிலோ புதுச்சேரியிலோ ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்யும்போது "எம்ஆர்ஐ இருக்கா" என்று கேட்டால் போதாது. மார்பகத்துக்கென்றே உள்ள காயில் (எம்ஆர்ஐ சிக்னலை வாங்கும் கருவி) இருக்கிறதா, குப்புறப் படுக்க வைத்து எடுப்பார்களா என்று கேளுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, உடம்புக்கான காயிலைப் போர்த்தி எடுத்த படத்தை வைத்து ஆபரேஷன் திட்டம் போட முடியாது.

மாதவிடாய் தொடங்கிய 7-ம் நாளிலிருந்து 14-ம் நாள் வரை எடுத்தால் படம் தெளிவாக வரும். மற்ற நாட்களில் சாதாரணத் திசுவே ஹார்மோனால் மினுங்கி, இல்லாத நோயைக் காட்டலாம். ஆனால் புற்றுநோய் உறுதியான பிறகு இதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். கர்ப்பமாக இருந்தால் கான்ட்ராஸ்ட் ஊசி கிடையாது. தாய்ப்பால் கொடுப்பவர்கள் ஸ்கேனுக்கு முன் குழந்தைக்குக் கொடுத்தோ பீய்ச்சியோ பாலை வெளியேற்றிவிட வேண்டும்.

தாலிச் சங்கிலி, மெட்டி, மூக்குத்தி, சேலை ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்றத் தயங்கும் பெண்களுக்கு முதல்நாளே மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொள்ளச் சொல்லலாம். அதில் உலோகம் இல்லை. விரல் வீங்கி மெட்டி கழலாவிட்டால் மேசையில் ஏறுவதற்கு முன்பே டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.

உள்ளே அரை மணி நேரம் ஆகும். கான்ட்ராஸ்ட் மருந்தின் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல் கடோலினியம், அதாவது 60 கிலோ பெண்ணுக்கு வழக்கமான மருந்தில் 12 மில்லி, இருமடங்கு செறிவுள்ளதில் 6 மில்லி. நொடிக்கு 2 மில்லி வீதம் போய், பின்னால் 20 மில்லி சலைன் தள்ளும். ஊசிக்கு முன் எடுத்த படத்தை, பின் எடுத்த படத்திலிருந்து கழித்துத்தான் கட்டியைப் பார்க்கிறார்கள். நடுவே இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கழித்தல் பிசகி, ஓரங்களில் பொய் வெளிச்சம் விழும். நகர்வதற்கு வழக்கமான காரணம் தோள் வலி. கை நீட்டி இருக்கும் நிலை வலித்தால் ஊசிக்கு முன்பே சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும், பின்பு அல்ல.

ரிப்போர்ட்டில் புதுப் புள்ளி ஒன்று வந்தால் பதறி முழு மார்பகத்தையும் எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். புள்ளிகளில் பல புற்றுநோயே இல்லை. முதலில் அந்த இடத்தை அல்ட்ராசவுண்டில் திரும்பத் தேட வேண்டும். தெரிந்தால் ஊசி பயாப்சி. தெரியாவிட்டால் எம்ஆர்ஐக்குள்ளேயே செய்யும் பயாப்சி. எல்லா ஊரிலும் கிடைக்காது, எங்கே அனுப்புவார்கள் என்று ஸ்கேனுக்கு முன்பே கேட்டு வையுங்கள். பயாப்சி முடிவு வராமல் திட்டத்தை மாற்றக் கூடாது.

இன்னொரு சிக்கல்: குப்புறப் படுத்தபோது தொங்கிய மார்பகம், ஆபரேஷன் மேசையில் மல்லாக்கப் படுத்ததும் பக்கவாட்டில் சரியும். எம்ஆர்ஐயில் பார்த்த ஆழம் கத்தி வைக்கும்போது அப்படியே இருக்காது. அதனால் மல்லாக்கப் படுக்க வைத்து, ஆபரேஷனில் வைக்கும்படியே கையை விரித்து, அல்ட்ராசவுண்டில் தோலில் குறி போடுவதுதான் நம்பகமானது. முதலில் கீமோ என்றால், தொடங்கும் முன் கட்டிக்குள் கிளிப் (அடையாளத்துக்கான சிறு உலோகத் துண்டு) வைத்தாக வேண்டும். கீமோவில் கட்டி முழுசாகக் கரைந்துபோனால் எந்த இடத்தில் வெட்டுவது என்று காட்ட அந்தக் கிளிப் மட்டுமே இருக்கும்.

ரிப்போர்ட் தாளோடு படங்கள் உள்ள சிடியையும் கேட்டு வாங்குங்கள். கோரிமேடு ஜிப்மருக்கோ சென்னைக்கோ மாறிப் போனால் அங்குள்ள ரேடியாலஜிஸ்ட் தாளை வைத்து எதுவும் சொல்ல மாட்டார்.