முத்தொரை ரேடியோ தொலைநோக்கி பார்க்கப் போகிறவர்களுக்கு

ஊட்டிக்கு சனி, ஞாயிறு கிளம்புகிறவர்கள் பொட்டானிக்கல் கார்டனோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்து முத்தொரையில் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழு எழுப்பிய ரேடியோ தொலைநோக்கி 1970லிருந்து வேலை செய்கிறது.

530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வட்டத் தட்டை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இது நீளவாக்கில் பிளந்த குழாய் மாதிரி. 24 இரும்புச் சட்டங்கள், அவற்றின் மேல் 1,100 மெல்லிய ஸ்டெயின்லெஸ் கம்பிகள். விண்ணிலிருந்து பிடிக்கும் ரேடியோ அலையின் நீளம் சுமார் 92 செ.மீ. என்பதால் கம்பிகளின் சின்ன இடைவெளி அதற்குத் தெரியாது. காற்றும் தள்ளாமல் ஊடே போய்விடும்.

அசல் சாமர்த்தியம் இடத்தேர்வில். மலைச்சரிவு சுமார் 11 பாகை, ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. ஆகவே தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணை. கிழக்கிலிருந்து மேற்காக ஒரே சுழற்சியில் ஒரு விண்பொருளை ஒன்பதரை மணிநேரம் தொடரலாம். வடக்கு, தெற்குக்கு எதையும் அசைப்பதில்லை. 1,056 டைபோல்களின் (அலையை வாங்கும் சிறு ஆன்டெனாக்கள்) சிக்னல்கள் ஒன்றுசேரும் நேரத்தை (phase) நுணுக்கமாக மாற்றினால் போதும்.

உள்ளே போக முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். வண்டிக்கு நீலகிரி இ-பாஸ் எடுங்கள். போனை சைலண்டில் போட்டால் பத்தாது, அணைத்துவிடுங்கள்: சைலண்டிலும் டவரோடு ரேடியோ அலையில் பேசிக்கொண்டேதான் இருக்கும், அது தொலைநோக்கிக்கு இடைஞ்சல். மூடுபனி தொலைநோக்கிக்குப் பொருட்டில்லை, உங்கள் கேமராவுக்குத்தான் பிரச்சினை.